“சத்தம் வருதா சார்?”

இடைப்பருவத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, எங்கள் வீட்டுப் பாத்திரம் கழுவும் இயந்திரம் பாதியில் நின்றது. கதவைத் திறந்தால் அடியில் கலங்கிய நீர் தேங்கியிருந்தது. திரையில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் மின்னிக்கொண்டிருந்தன.

நானும் என் மனைவியும் ஆசிரியர்கள். நான் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். அவர் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியர். இருவரும் காலை எட்டு மணிக்குள் பேருந்தைப் பிடித்தாக வேண்டும். பாத்திரம் யார் கழுவுவது என்ற நெடுநாள் வழக்கு அந்த இயந்திரம் வந்த பிறகுதான் முடிவுக்கு வந்தது. ஆகவே அது நின்றது எங்கள் வீட்டில் சிறிய செய்தி அல்ல.

மறுநாள் மாலை பழுது பார்ப்பவர் வந்தார். திரையில் இருந்த எண்ணைப் பார்த்தார், ஒரு முறை ஓடவிட்டுப் பார்த்தார். “போர்டு போயிடுச்சு சார், மாத்தணும்” என்றார். செலவு 9,000 ரூபாய்க்கு மேல். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு நாளில் எத்தனை வீடுகளுக்கு அவர் போக வேண்டுமோ, அவரைக் குறை சொல்லவில்லை. எனக்கு உறுத்தியது வேறு. நான் அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எப்படித் தெரிந்தது என்றுகூடக் கேட்காமல் தலையை ஆட்டிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஒன்பதாம் வகுப்பில் இதைப் பேச்சுவாக்கில் சொன்னேன். கடைசி வரிசையில் ஒரு மாணவன். அவனுடைய அப்பா ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். அந்த இடைப்பருவத் தேர்வில் அறிவியலில் அவன் பெற்ற மதிப்பெண் 50க்கு 14.

“சார், உள்ள சத்தம் வருதா?”

“என்ன சத்தம்?”

“தண்ணிய வெளியேத்துற நேரத்துல ‘ம்ம்ம்’னு ஒரு இரைச்சல். சுத்துற சத்தம் இல்ல சார், சுத்த முடியாம நிக்கிற சத்தம்.”

யோசித்துப் பார்த்தேன். வந்தது.

“அப்ப கரண்ட்டு மோட்டார் வரைக்கும் வந்துடுச்சுல்ல சார். போர்டு எப்படிப் போயிருக்கும்? கண்டென்சர் போயிருக்கணும், இல்லன்னா உள்ள ஏதாவது சிக்கியிருக்கணும்.”

அன்று இரவு கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பழுதைத் தேட வேண்டுமானால் இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தது தவறு. தொட்டி நிறைய நீர் நிரம்பி, அதில் பாத்திரங்கள் முங்கிக் கிடக்கும் என்பது என் எண்ணம். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் உள்ளே வருவது ஒரு தடவைக்கு மூன்று நான்கு லிட்டர் நீர்தான். அது அடியில் உள்ள குழியில் சேர்கிறது. அங்கே சூடேறுகிறது. ஒரு பம்பு அதே நீரைத் திரும்பத் திரும்ப மேலே தள்ளுகிறது. மேல் தட்டுக்குக் கீழே ஒன்றும், கீழ்த் தட்டுக்குக் கீழே ஒன்றுமாகச் சுழலும் இரண்டு தெளிப்புக் கரங்களில் உள்ள துளைகள் வழியாக அது பீய்ச்சியடிக்கிறது. கரங்களைச் சுழற்றத் தனி மோட்டார் இல்லை. நீர் சாய்வாகப் பீய்ச்சும்போது கரம் எதிர்த்திசையில் தள்ளப்படுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிக்கு ராக்கெட்டைத் தவிர வேறு எடுத்துக்காட்டு தேடுபவர்கள் இதைச் சொல்லலாம். கழுவிய நீர் மீண்டும் வடிகட்டி வழியாகக் குழிக்கு வருகிறது. கடைசியில், வேறொரு சிறிய பம்பு அதை வெளியேற்றுகிறது. ஒரு முழுச் சுற்றுக்கு மொத்தம் ஏறத்தாழ 10 லிட்டர்.

தேய்க்காமல், நீரின் வேகத்தால் கழுவும் இந்த யோசனை பழையது. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசபின் காக்ரன் என்ற பெண்மணி 1886இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருடைய இயந்திரங்கள் வைக்கப்பட்டன. பாத்திரங்களின் அளவுக்கேற்பக் கம்பிக் கூடுகள் செய்து, அவற்றின் மேல் சோப்பு நீரைப் பாய்ச்சுவதுதான் அவர் செய்தது. எங்கள் வீட்டுத் தட்டுகளிலும் அதே கம்பிக் கூடுகள்தான்.

பம்புகள் இரண்டு என்று தெரிந்ததுமே பாதிக் குழப்பம் தீர்ந்தது. பாத்திரங்கள் கழுவப்பட்டிருந்தன, நீர் மட்டும் வெளியேறவில்லை. எனவே சுழற்சிப் பம்பு நன்றாக இருக்கிறது. சந்தேகம் வடிகால் பாதையில் மட்டும்: வடிகட்டி, வடிகால் பம்பு, குழாய். திரையில் மின்னிய எண்ணுக்குக் கையேட்டில் இருந்த விளக்கமும் “நீர் வெளியேறவில்லை” என்பதுதான். ஏன் வெளியேறவில்லை என்பதை அந்த எண் சொல்லாது. 50க்கு 14 என்று நான் விடைத்தாளில் எழுதுவதும் ஏறக்குறைய அப்படித்தான்.

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. நீர்க் குழாயையும் மூடினேன். தேங்கிய நீரை டம்ளரால் மொண்டு, மிச்சத்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்தேன். வடிகட்டியைத் திருகிக் கழற்றப் போனால், அது திருகாமலே கையோடு வந்தது. அதாவது, முந்தைய வாரம் கழுவி மாட்டியபோது நான் அதைப் பூட்டவே இல்லை. வடிகட்டிக்கு அடியில், குழியின் பக்கவாட்டில் ஒரு சிறிய பிளாஸ்டிக் மூடி. அதை நெம்பி எடுத்தால் வடிகால் பம்பின் இறக்கைச் சக்கரம் தெரியும். கையுறை போட்டுக்கொண்டு விரலை விட்டேன். உடைந்த கண்ணாடித் துண்டு இருக்க வாய்ப்புண்டு என்பதால் வெறுங்கை கூடாது.

ஒரு புளியங்கொட்டை.

ரசத்துக்குக் கரைத்த புளியிலிருந்து வந்திருக்க வேண்டும். பூட்டாத வடிகட்டியின் ஓரமாக நழுவி, சக்கரத்துக்கும் சுவருக்கும் இடையே ஆப்பு அடித்ததுபோல் நின்றிருந்தது. எடுத்ததும் சக்கரம் சுற்றியது. ஆனால் வழவழவென்று சுற்றவில்லை, விட்டுவிட்டுத் துள்ளியது. இதைப் பார்த்து இன்னொரு பழுது என்று பயந்துவிட்டேன். அது பழுதல்ல. இந்த வகைப் பம்பின் சுழலும் பகுதி ஒரு நிரந்தரக் காந்தம். கையால் சுற்றும்போது காந்தம் ஒவ்வொரு நிலையிலும் பிடித்துப் பிடித்து விடுவதால் அப்படித் துள்ளும். இதே காரணத்தால் அதற்குக் கண்டென்சரும் தேவையில்லை. மாணவனின் முதல் ஊகம் பொருந்தவில்லை, இரண்டாவது பொருந்தியது. மூடியை மாட்டி, வடிகட்டியை ‘டக்’ என்று பூட்டி ஓடவிட்டேன். ஒரு நிமிடத்துக்குள் நீர் வெளியேறியது. செலவு எதுவும் இல்லை.

இத்தோடு கட்டுரை முடிந்திருக்கலாம். ஆனால் குனிந்து உட்கார்ந்திருந்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. பல மாதங்களாகவே எவர்சில்வர் டம்ளர்களில் வெள்ளையாக ஒரு படலம் இருந்தது. மேல் தட்டில் வைக்கும் கிண்ணங்களில் சோற்றுப் பருக்கை ஒட்டியபடியே இருக்கும். “மெஷின் பழசாயிடுச்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தோம். மேல் கரத்தைக் கழற்றிக் காதருகே ஆட்டினேன். கலகலவென்றது. உள்ளே கடுகு. துளைகள் பாதி அடைத்திருந்தன, சிலவற்றைச் சுற்றி வெள்ளை வளையம் கெட்டிப்பட்டிருந்தது. டம்ளரின் படலத்தின் மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டேன். கரைந்தது.

கடின நீர். பல ஆண்டுகளாக நான் கரும்பலகையில் எழுதிப்போடும் அதே கடின நீர். தற்காலிகக் கடினத்தன்மைக்குக் கால்சியம், மக்னீசியம் பைகார்பனேட்டுகள் காரணம். கொதிக்க வைத்தால் நீங்கும். “நீங்கும்” என்று நானும் சொல்லிவந்தேன், மாணவர்களும் எழுதிவந்தார்கள். நீங்கி எங்கே போகிறது? நீரைச் சுடவைக்கும்போது கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து, சூடேற்றியிலும் துளையிலும் டம்ளரிலும் படிகிறது. இந்திய தர நிர்ணய அமைவனம் குடிநீரில் கடினத்தன்மைக்கு வகுத்துள்ள அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை. அந்த மேல் எல்லையில் உள்ள நீர் 10 லிட்டர் உள்ளே போனால் 6 கிராம் உப்புகள் போகின்றன. அவ்வளவும் படிந்துவிடாது. ஆனால் தினமும் ஓடும் இயந்திரத்துக்கு இந்தக் கணக்கை மாணவர்களே போட்டுப் பார்க்கட்டும்.

இதற்குத்தான் இயந்திரத்தின் அடியில் உப்பு போடும் அறை இருக்கிறது. நான் அதை வாங்கிய புதிதில் ஒரு முறை நிரப்பியதோடு சரி. பாத்திரம் கழுவ உப்பு எதற்கு, வியாபாரத் தந்திரம் என்பது என் முடிவு. உப்பு பாத்திரத்தின் மேல் படுவதே இல்லை. உள்ளே வரும் நீர் முதலில் அயனிப் பரிமாற்ற ரெசின் மணிகள் வழியாகப் போகிறது. மணிகள் கால்சியம், மக்னீசியம் அயனிகளைப் பிடித்துக்கொண்டு சோடியம் அயனிகளை விடுகின்றன. மணிகளில் சோடியம் தீர்ந்ததும் உப்புக் கரைசல் அவற்றைக் கழுவிப் புதுப்பிக்கிறது. உப்பு இல்லையென்றால் மணிகள் இருந்தும் பயனில்லை. சமையல் தூள் உப்பைப் போடக் கூடாது. கட்டியாகாமல் இருக்க அதில் சேர்க்கும் பொருள்கள் அறையை அடைத்துவிடும். இதற்கென்று விற்கும் பருமனான உப்பையே போட வேண்டும். ஊர் நீரின் கடினத்தன்மைக்கு ஏற்ப இயந்திரத்தில் அளவையும் மாற்றி வைக்க வேண்டும்; ஆலையிலிருந்து வந்தபடியே அதை விட்டிருந்தேன்.

கரங்களை வெதுவெதுப்பான நீரில் சிட்ரிக் அமிலம் கரைத்து ஊறவைத்தேன். பல்குத்தும் குச்சியால் ஒவ்வொரு துளையாகக் கடுகை எடுத்தேன். வெற்று இயந்திரத்தில் சிட்ரிக் அமிலம் போட்டு ஒரு முறை சூடாக ஓடவிட்டேன். கண்ணாடித் டம்ளர்கள் இரண்டில் மட்டும் படலம் போகவில்லை. அமிலத்தில் கரையாவிட்டால் அது உப்புப் படிவு அல்ல, கண்ணாடியின் மேற்பரப்பே அரிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அதற்கு மருந்து கிடையாது.

மற்ற பழுதுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இயந்திரம் ஓடத் தொடங்கவே இல்லையென்றால் முதலில் கதவு சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீர் வரவில்லையென்றால் குழாய், பிறகு குழாய் இணையும் இடத்தில் உள்ள சிறு சல்லடை. மேல்நிலைத் தொட்டி நீரில் வரும் மண்ணும் துருவும் அங்கேதான் அடைக்கும். வடிகால் பம்பு நிற்காமல் ஓடினால் அடித்தட்டில் நீர் கசிந்து மிதவையைத் தூக்கியிருக்கலாம். கழுவிக்கொண்டிருக்கும்போதே நீர் வடிந்தால் வடிகால் குழாயின் நடுப்பகுதி உயர்த்திக் கட்டப்படாமல் தரையில் கிடக்கலாம். வடிகுழாய்த் தத்துவம் வேலையைக் காட்டிவிடும். நீர் சூடாகவே இல்லையென்றால் சூடேற்றியோ வெப்ப உணரியோ காரணமாகலாம். அங்கே நான் கை வைக்க மாட்டேன். பக்கத் தகட்டைக் கழற்றும் வேலை எதுவானாலும் தெரிந்தவரைத்தான் கூப்பிட வேண்டும். நீரும் மின்சாரமும் சேர்ந்து இருக்கும் பெட்டி அது.

புளியங்கொட்டையை மறுநாள் வகுப்புக்கு எடுத்துப் போனேன். அந்த மாணவன் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “எங்க கடையில மணல் சார்” என்றான். கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டேன்: அறிகுறி, ஊகம், சோதனை. ஊகத்தை எழுதினால் அதைப் பொய்யாக்கக்கூடிய ஒரு சோதனையையும் பக்கத்தில் எழுத வேண்டும் என்பது மட்டுமே விதி. செலவில்லாத சோதனை முதலில். முதல் வரியை அவனே வந்து எழுதினான்: மோட்டார் சுற்றவில்லை, மின்சாரம் வரவில்லை, இரைச்சல் கேட்கிறதா? எழுத்துப்பிழை இருந்தது. அன்று அதைத் திருத்தவில்லை.

இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி தன் பையிலிருந்து ஒரு கணக்கு நோட்டை எடுத்துக் காட்டினார். மூன்றாம் வகுப்புக் குழந்தை. 52லிருந்து 27ஐக் கழித்தால் 35 என்று எழுதியிருந்தது. 68லிருந்து 23 போனால் 45, சரி. 40லிருந்து 16 போனால் 36, தவறு. “கழித்தல் தெரியவில்லை” என்று எழுதி, முதலிலிருந்து நடத்தத் தொடங்கியிருந்தாராம். இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். 7லிருந்து 2ஐயும், 6லிருந்து 0வையும் குழந்தை கழித்திருக்கிறது. எந்த இலக்கம் மேலே இருந்தாலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிறது. ஒரே ஒரு இடத்தில்தான் கொட்டை சிக்கியிருக்கிறது. சோதிக்க வேண்டுமல்லவா? 63லிருந்து 38 என்று ஒரு கணக்கு கொடுப்பது, ஊகம் சரியானால் குழந்தை 35 என்று எழுதும் என்று முன்பே ஒரு துண்டுத்தாளில் எழுதி மடித்து வைப்பது என்று முடிவு செய்தோம். மறுநாள் குழந்தை 35 என்றே எழுதியது. பிறகு குச்சிக் கட்டுகளை வைத்து, பத்தைப் பிரித்து ஒன்றுகளாக்குவதை மட்டும் அவர் நடத்தினார். மற்ற கழித்தலைத் தொடவில்லை.

எங்கள் வகுப்பில் மூன்று கட்டப் பட்டியல் இப்போது சுவரில் தொங்குகிறது. வீட்டிலிருந்து மாணவர்கள் கொண்டுவந்த பழுதுகளில் கிரைண்டர், தையல் இயந்திரம், ஒரு மிதிவண்டி டைனமோ ஆகியவற்றுக்கு விடை கிடைத்துவிட்டது. எங்கள் வகுப்பறை மின்விசிறிக்குத்தான் கிடைக்கவில்லை. மதியத்துக்கு மேல் அது மெதுவாகிவிடுகிறது. கண்டென்சர் என்கிறான் அவன். மின்னழுத்தம் குறைகிறது என்கிறாள் இன்னொருத்தி. பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போடும் நேரத்தையும் விசிறி மெதுவாகும் நேரத்தையும் இரண்டு வாரமாகக் குறித்துவருகிறாள். மழைக்காலத்தில் அங்கே மோட்டார் போட மாட்டார்கள். அதுவரை காத்திருக்கிறோம்.