வீட்டுத் தானியக்க அமைப்பில் நுண்கட்டுப்படுத்தி சுவிட்சுகள்: கட்டளையும் நிலையும்

ஆய்வுச் சுருக்கம்

நுண்கட்டுப்படுத்தியுடன் இணைந்த சுவிட்சை வீட்டுத் தானியக்க அமைப்பின் வழியே இயக்கும்போது, அனுப்பப்பட்ட கட்டளையையும் சுவிட்சின் உண்மை நிலையையும் வேறுபடுத்திக் காண்பது இன்றியமையாதது. மின்தடை நீங்கியதும் நீரேற்று மோட்டார் தானாகவே ஓடத் தொடங்கும் பிழையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அதன் காரணத்தையும் தீர்வையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நுண்கட்டுப்படுத்தி, ரிலே, ஹோம் அசிஸ்டன்ட், எம்.கியூ.டி.டி., தக்கவைப்புச் செய்தி

முன்னுரை

2013ஆம் ஆண்டு பவுலஸ் ஸ்கவுட்சன் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட், வீட்டிலுள்ள சிறு கணினியிலேயே இயங்கும் திறந்த மூல மென்பொருளாகும். வைஃபை வசதியுடன் குறைந்த விலையில் கிடைக்கும் இஎஸ்பி8266 நுண்கட்டுப்படுத்தியை இதனுடன் எளிதில் இணைக்கலாம். இணைப்பு எளிதாயினும், அதன் நம்பகத்தன்மை தனியே ஆராயத்தக்கது.

மின்னிணைப்பு

இஎஸ்பி8266 3.3 வோல்ட்டில் இயங்குகிறது. அதன் ஊசிகள் சில மில்லிஆம்பியர் மின்னோட்டத்தையே தரவல்லவை. எனவே ஊசி ஒரு டிரான்சிஸ்டரையும், டிரான்சிஸ்டர் ரிலேயின் சுருளையும் இயக்குகின்றன. மோட்டார் தொடங்கும் கணத்தில் இயல்பைவிடப் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுப்பதால், சிறு ரிலேயின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்ளக்கூடும். ஆகவே ரிலே ஒரு காண்டாக்டரை இயக்க, காண்டாக்டரே 230 வோல்ட் மின்சுற்றை இணைக்க வேண்டும். ஊசித் தேர்வும் முக்கியமானது. 0, 2 ஆகிய ஊசிகள் தொடக்கத்தில் உயர்நிலையில் இருந்தாக வேண்டுமாதலால், அவற்றில் இணைத்த ரிலே கட்டளையின்றியே ஒரு கணம் இயங்கிவிடலாம். 4, 5 ஆகிய ஊசிகள் ஏற்றவை.

செய்திப் பரிமாற்றம்

எம்.கியூ.டி.டி. நெறிமுறையை 1999ஆம் ஆண்டு ஆண்டி ஸ்டான்ஃபோர்டு கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும், எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பதற்காக உருவாக்கினர். இதில் அனுப்புநரும் பெறுநரும் நேரடியாகத் தொடர்பு கொள்வதில்லை. செய்தி முகவர் எனும் மென்பொருளே இடைநின்று செய்திகளைத் தலைப்புவாரியாகப் பகிர்கிறது. கட்டளைக்கு ஒரு தலைப்பும், நிலையறிவிப்புக்கு மற்றொரு தலைப்பும் தேவை. நிலைத் தலைப்பைக் குறிப்பிடாவிடில், கட்டளை நிறைவேறிவிட்டதாகவே ஹோம் அசிஸ்டன்ட் கருதிக்கொள்ளும். அந்நிலையில் திரையில் காண்பது நம் விருப்பமேயன்றி மோட்டாரின் நிலையன்று.

பிழையின் தோற்றம்

தக்கவைப்புக் குறியுடன் வரும் செய்தியைச் செய்தி முகவர் சேமித்து வைத்து, அத்தலைப்பில் புதிதாக இணைவோருக்கு உடனே வழங்கும். கட்டளையே இவ்வாறு தக்கவைக்கப்பட்டதாகக் கொள்வோம். காலையில் திரை வழியே 'ஆன்' கட்டளை அனுப்பப்படுகிறது; தொட்டி நிரம்பியதும் ஒருவர் சுவர்ப் பொத்தானால் மோட்டாரை நிறுத்துகிறார். ஆயினும் முகவரிடம் பழைய 'ஆன்' அப்படியே உள்ளது. மின்தடை நீங்கி நுண்கட்டுப்படுத்தி மீண்டும் இணைந்ததும் அக்கட்டளையைப் பெற்று மோட்டாரை இயக்கிவிடும். வீட்டில் ஆளில்லையெனில் தொட்டி வழியும். கீழ்த்தொட்டி வறண்டிருப்பின் பம்பு பழுதாகும். வைஃபை இணைப்பு அறுந்து மீள்வதே இதற்குப் போதுமானது.

தீர்வு

முதலாவதாக, நிலைச் செய்தியை மட்டுமே தக்கவைக்க வேண்டும், கட்டளையைத் தக்கவைக்கலாகாது. இரண்டாவதாக, நுண்கட்டுப்படுத்தி எப்போதும் 'ஆஃப்' நிலையிலேயே தொடங்க வேண்டும். விளக்கு தன் முந்தைய நிலைக்குத் திரும்புவது வசதி. மோட்டார் அவ்வாறு திரும்புவது ஆபத்து. மூன்றாவதாக, 'தொடர்பில் இல்லை' எனும் இறுதி அறிவிப்பை முகவரிடம் முன்னரே பதிந்து வைக்க வேண்டும். தொடர்புக்கால அளவைப்போல் ஒன்றரை மடங்கு நேரம் செய்தி வராவிடில், முகவர் அதனை வெளியிடும். நான்காவதாக, அதிகபட்ச இயக்க நேர வரம்பு நுண்கட்டுப்படுத்திக்குள்ளேயே அமைய வேண்டும். நிறுத்தும் பொறுப்பை ஹோம் அசிஸ்டன்டிடம் மட்டும் விட்டால், வலையமைப்பு அறுந்த நேரத்தில் மோட்டாரை நிறுத்த வழியில்லை.

இவையனைத்தும் அமைந்த பின்னரும் ஒரு குறை எஞ்சுகிறது. நுண்கட்டுப்படுத்தி அறிவிப்பது தன் ஊசியின் நிலையையே. தொடுமுனை ஒட்டிக்கொண்டால், 'ஆஃப்' என்ற அறிவிப்புடனேயே மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். மோட்டாரின் மின்கம்பியில் மின்னோட்ட உணரியைப் பொருத்தி, அதன் அளவீட்டை நிலையறிவிப்பாகக் கொள்வதே இதற்குத் தீர்வு. அத்தருணத்தில் மின்சாரத்தைத் துண்டிக்க, கையால் இயக்கும் முதன்மை சுவிட்சும் மின்சுற்றில் இருந்தாக வேண்டும்.

முடிவுரை

கட்டளை, ஊசியின் நிலை, மின்னோட்டம் ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. அவை ஒன்றே எனக் கொள்ளும் வடிவமைப்பு இயல்பான நாள்களில் குறையின்றிச் செயல்படும். மின்தடையின்போதே அதன் பிழை வெளிப்படும். எனவே இத்தகைய அமைப்புகளை, மின்சாரத்தையும் வைஃபை இணைப்பையும் வேண்டுமென்றே துண்டித்துச் சோதித்த பின்னரே பயன்பாட்டுக்குக் கொண்டுவருதல் வேண்டும்.