நாம் வந்த வழி – 12: ஆல்பர்ட் பெர்ரியின் கிளை

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் 19ஆம் நூற்றாண்டில் அடிமையாகப் பிறந்தவர் ஆல்பர்ட் பெர்ரி. அவருடைய முன்னோர் ஆப்பிரிக்காவின் எந்தக் கரையில் கப்பலேற்றப்பட்டார்கள், என்ன மொழி பேசினார்கள் என்று சொல்ல ஆவணம் எதுவும் இல்லை. அடிமைகளைச் சொத்துக் கணக்கில் எழுதிவைத்த முதலாளிகளுக்கு அவர்களுடைய ஊரும் பேரும் தேவைப்படவில்லை. காகிதத்தில் கிடைக்காத வேரை இரத்தத்திலாவது தேடலாம் என்றுதான் ஆப்பிரிக்க வம்சாவளி அமெரிக்கர்கள் பலர் இன்று டிஎன்ஏ பரிசோதனைக்கு வருகிறார்கள். பெர்ரியின் வம்சத்தில் வந்த ஒருவரின் மாதிரியும் அப்படித்தான் ஆய்வகத்துக்குப் போனது. மனித குலத்தின் தந்தைவழி மரத்தையே அது திருத்தி வரைய வைத்தது.

தாய்வழியைச் சொல்லும் மைட்டோகாண்ட்ரியாவைச் சென்ற வாரம் பார்த்தோம். தந்தைவழியைச் சொல்வது ஒய் குரோமோசோம். அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே அது போகும். மற்ற 22 ஜோடி குரோமோசோம்களும் தலைமுறைக்குத் தலைமுறை துண்டுகளை மாற்றிக்கொண்டு கலந்துவிடுகின்றன. ஒய்யின் ஜோடி எக்ஸ். இரண்டும் நுனிகளில் மட்டும்தான் பரிமாறிக்கொள்ளும். மீதி ஏறக்குறைய 95 சதவீதம் தந்தையிடம் இருந்தபடியே மகனுக்கு வந்து சேர்கிறது.

ஆனாலும் படியெடுக்கும்போது எப்போதாவது ஓர் எழுத்து பிறழும். ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்களுக்கு இந்தச் சங்கதி நன்றாகத் தெரியும். ஒருவர் செய்த பிழை, அவர் ஏட்டைப் பார்த்து எழுதிய எல்லா ஏடுகளிலும் இருக்கும். ஒரே பிழையைச் சுமக்கும் ஏடுகள் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. ஒய்யில் நம்பகமாக ஒப்பிடக்கூடிய பகுதி சுமார் 1 கோடி எழுத்து. அதில் நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு ஒரு பிறழ்வு என்பது தோராயக் கணக்கு. இந்தப் பிறழ்வுகளைத்தான் ஆய்வாளர்கள் குறிகள் என்கிறார்கள். ஒரே குறி உள்ளவர்கள் ஒரே கிளை. இரண்டு கிளைகளுக்கு இடையே எத்தனை பிறழ்வு என்று எண்ணினால், அவை எப்போது பிரிந்தன என்று கணிக்கலாம்.

பெர்ரி வம்சத்தவரின் மாதிரியில் இந்தக் குறிகளைத் தேடியபோது ஒன்றுகூடப் பொருந்தவில்லை. அதுவரை சோதிக்கப்பட்ட எல்லா ஆண்களிடமும் மாறியிருந்த இடங்களில்கூட இவரிடம் பழைய எழுத்தே இருந்தது. எது பழைய எழுத்து என்று எப்படித் தெரியும்? சிம்பன்சியின் ஒய்யோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். உலகத்து ஆண்கள் எல்லாரும் ஒரு பக்கம், இவர் மட்டும் தனியாக ஒரு பக்கம் என்று மரம் இரண்டாகப் பிரிந்தது. அரிசோனா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹாமரின் குழு அந்த ஒய்யில் சுமார் 2,40,000 எழுத்துகளைப் படித்தது. 2013இல் ஃபெர்னாண்டோ மெண்டஸ் முதல் ஆசிரியராக வெளியான கட்டுரை அந்தக் கிளைக்கு ஏ00 என்று பெயரிட்டது.

அடுத்து, ஆப்பிரிக்க ஆண்கள் சுமார் 6,000 பேரின் பதிவுகளில் இதே கிளையைத் தேடினார்கள். மேற்கு கேமரூனில் வாழும் எம்போ மக்களில் 11 பேரிடம் அது இருந்தது. பின்னர் அதே வட்டாரத்தில் பாங்வா மக்களிடம் இன்னும் கூடுதலாகக் காணப்பட்டது. கப்பலேறிய நாளில் அறுந்துபோன ஒரு குடும்பக் கதைக்கு, குறைந்தபட்சம் தந்தைவழியில், ஒரு திசை கிடைத்தது. இந்த ஆராய்ச்சியின் மேன்மையாக நான் நினைப்பது இதைத்தான்.

கிளையின் வயது பற்றித்தான் சர்ச்சை எழுந்தது. எல்லா ஆண்களுக்கும் பொதுவான தந்தைவழி முன்னோர் சுமார் 1,42,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தார் என்று 2011இல் ஓர் ஆய்வு கணித்திருந்தது. மெண்டஸ் குழுவின் கணக்கோ அதை 3,38,000க்குக் கொண்டுபோனது. 2,37,000 முதல் 5,81,000 வரை எங்கும் இருக்கலாம் என்று அவர்களே வரம்பும் சொல்லியிருந்தார்கள். பிறழ்வு எவ்வளவு வேகத்தில் நிகழ்கிறது, ஒரு தலைமுறைக்கு எத்தனை ஆண்டு என்று வைத்துக்கொள்ளும் எண்களில் பிழை இருக்கிறது என்று வேறு ஆய்வாளர்கள் 2014இல் மறுத்தார்கள். அவர்கள் கணக்கில் 2,08,000. சைபீரியாவில் ஊஸ்த் இஷிம் என்ற இடத்தில் கிடைத்த எலும்பு இந்த வழக்கில் உதவியது. அந்த மனிதர் சுமார் 45,000 ஆண்டுகளுக்கு முந்தையவர் என்று கார்பன் கணக்கு சொல்கிறது. அவருடைய ஒய்யில் இன்னும் சேராத பிறழ்வுகளை எண்ணினால், 45,000 ஆண்டில் எத்தனை சேரும் என்று நேரடியாகத் தெரிந்துவிடும். இதே முறையில் பழைய எலும்புகளின் டிஎன்ஏவைக் கொண்டு சரிபார்த்த வேகத்தை வைத்து, 456 ஆண்களின் ஒய்யை ஒப்பிட்டு 2015இல் வெளியான ஆய்வு, சுமார் 2,54,000 ஆண்டுகள் என்றது.

இந்தப் பொது முன்னோரை 'ஆதாம்' என்று அழைக்கும் வழக்கம் இருக்கிறது. அதனால் விளைந்த குழப்பம் கொஞ்சமல்ல. அவர் காலத்தில் வேறு ஆண்களும் இருந்தார்கள். மகள்கள் மட்டுமே பிறந்த வீட்டோடு அந்த வீட்டு ஒய் நின்றுவிடும். அந்த மகள்கள் வழியாக மற்ற மரபணுக்கள் நம்மிடம் வந்திருக்கும், ஒய் மட்டும் வந்திருக்காது. பத்துத் தலைமுறைக்கு மேலே உங்கள் வம்சத்தில் 1,024 இடங்கள் உண்டு. அவற்றில் 512 பெண்கள், 512 ஆண்கள். உங்கள் ஒய் அந்த 512 ஆண்களில் ஒரே ஒருவருடையது. மீதி 1,023 பேரைப் பற்றி அது வாய் திறக்காது.

இதற்கு நேரடிச் சாட்சி கேமரூனிலேயே கிடைத்தது. அங்கே ஷும் லாகா என்ற பாறைக் குகையில் நான்கு சிறார்களின் எலும்புகளிலிருந்து டிஎன்ஏ எடுத்தார்கள். இருவர் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முந்தையவர்கள், இருவர் 3,000 ஆண்டுகளுக்கு முந்தையவர்கள். 2020இல் வந்த முடிவின்படி, மூத்த இருவரில் ஒருவனான விடலைப் பையனின் ஒய் ஏ00. அப்படியானால் இன்று அந்த வட்டாரத்தில் வாழ்பவர்கள் அவனுடைய மக்கள்தானா? முழு மரபணுத் தொகுதி அப்படிச் சொல்லவில்லை. அந்தச் சிறார்களின் மரபில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, மத்திய ஆப்பிரிக்க வேட்டைச் சமூகங்களுக்கு நெருக்கமான மரபு. இன்று கேமரூனில் வாழ்பவர்களில் பெரும்பாலோரின் மூதாதையர் வேறு கூட்டத்தார். மக்கள் மாறிவிட்டார்கள், ஒரு தந்தைவழிக் கோடு மட்டும் அதே மண்ணில் தொடர்ந்து வந்திருக்கிறது.

எம்போ மக்கள் 'ஆதி மனிதர்கள்' அல்லர். உங்களையும் என்னையும் போல முழுக்க இன்றைய மனிதர்கள். கோட்டின் வயது வேறு, மக்களின் வயது வேறு. இதைத் தமிழ்நாட்டில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பனும் அமெரிக்க ஆய்வாளர் ஸ்பென்சர் வெல்ஸும் மதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எம்130 என்ற குறியைக் கண்டறிந்தது அரிய பணி. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக ஆஸ்திரேலியா வரை போனவர்களின் தடத்தைத் தேட அது உதவியது. ஆனால் 'முதல் இந்தியர் கிடைத்துவிட்டார்' என்று செய்தி பரவியதும், அதைச் சாதிப் பெருமையாக்கிப் பேசியவர்கள் உண்டு. அந்தக் குறி அதே ஊரில் எல்லாரிடமும் இல்லை. வேறு சமூகத்தவரிடமும், மங்கோலியா வரை பல நாட்டவரிடமும் அதன் கிளைகள் உள்ளன. ஒரு குறியை வைத்து ஒரு சாதிக்கு வயது சொல்வது விஞ்ஞானம் ஆகாது. இடப்பெயர்வைப் படிக்கக் கிடைத்த கருவியை, ஆளுக்கு ஆள் மேல் கீழ் அளக்கும் கோலாக்க விடக் கூடாது.

ஒய் சொல்லும் கதையில் இன்னும் விநோதமான ஒரு திருப்பம் இருக்கிறது. நியாண்டர்தால்களும் டெனிசோவன்களும் அழிந்துபோன பழைய மனிதக் கூட்டங்கள். மற்ற குரோமோசோம்களை வைத்துப் பார்த்தால் நியாண்டர்தால்கள் நம்மைவிட டெனிசோவன்களுக்கே நெருக்கமானவர்கள். ஆனால் அவர்களின் ஒய் குரோமோசோமை 2020இல் படித்தபோது, அது நம்முடைய ஒய்யின் பக்கம் சாய்ந்தது. நம் வழியிலிருந்து அது பிரிந்தது சுமார் 3,70,000 ஆண்டுகளுக்கு முன்புதான். அப்படியானால் நியாண்டர்தால்களின் சொந்த ஒய் என்ன ஆயிற்று? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)