புதுசாக்கினா போச்சு!

1969 செவர்லே கமாரோவை ரெஸ்டோர் பண்றதுன்னா பளபளன்னு பெயின்ட் அடிக்கிறதுன்னுதானே நினைக்கிறோம்? அமெரிக்காவில் அதை ஃபேக்டரி நிலைக்கே கொண்டுவர நினைப்பவர்கள் முதலில் தேடுவது எண்களை.

காரின் 'வின்' எண்ணில் 13 இடங்கள். நடுவில் 'என்' இருந்தால் ஒஹாயோவின் நார்வுட் ஆலை. 'எல்' என்றால் கலிபோர்னியாவின் வான் நைஸ். அந்த எண்ணின் ஒரு பகுதியை இன்ஜின் பிளாக்கிலும் குத்தியிருப்பாங்க. ரெண்டும் பொருந்தினா, காரோடு பிறந்த இன்ஜின், விலையும் எகிறும். பிளாக்கை வார்த்த தேதியும் அதிலேயே உண்டு: 'டி 15 9' என்றால் 1969 ஏப்ரல் 15. கார் மார்ச்சிலேயே தயாராகியிருந்தா? அது வேற இன்ஜின்!

விலைக்காகப் பழைய எண்ணைத் தேய்த்துப் புது எண் குத்துறவங்களும் உண்டு. ஆனா ஆலையின் புரோச்சிங் மெஷின் அந்தப் பரப்பில் மெல்லிய இணைகோடுகளை விட்டிருக்கும். தேய்ச்சா அதுவும் போயிடும். கோடு இல்லையா, சந்தேகப்படுங்க.

பெயின்ட்டிலும் அதே கதை. அன்னிக்கு ஜிஎம் அடிச்சது அக்ரிலிக் லாக்கர். இன்றைய கிளியர்கோட் அதைவிட மின்னும்; அதனாலேயே அது தப்பு. அடியில் சிதறிய பெயின்ட், ஆலை ஊழியர் கிரேயானில் போட்ட குறி எல்லாம் இருந்தபடியே திரும்ப வரணும். அதனால ஸ்பேனரை எடுக்கும் முன் கேமராவை எடுக்கணும். சுரண்டி அழிச்ச குறியை எந்த மேனுவலும் திருப்பித் தராது.