நேர்க்கூற்றும் நிறுத்தக்குறியும்: 'என்று' வழி ஒரு கற்பித்தல் அணுகுமுறை

1. சிக்கல்

தமிழ் மாணவர் ஆங்கிலத்தில் உரையாடல் எழுதுகையில் இரு பிழைகள் காணப்படுகின்றன. ஒன்று, கூற்றின் இறுதியில் காற்புள்ளிக்கு மாறாக முற்றுப்புள்ளி இடுதல். மற்றொன்று, வினாக்குறியை அடுத்துவரும் 'ஹி' என்னும் சுட்டுப்பெயரைப் பேரெழுத்தில் தொடங்குதல். இவை கவனக்குறைவால் மட்டும் நேர்வன அல்ல. தொடரமைப்பிலும் எழுத்துமுறையிலும் இரு மொழிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டோடு தொடர்புடையன.

2. 'என்று' ஆற்றும் பணி

'என', 'என்று' ஆகியவற்றைத் தொல்காப்பியம் இடையியலில் கூறுகிறது. இன்றைய தமிழில் 'என்று' பிறர் கூற்றை முதன்மை வினையோடு இணைக்கிறது. கன்னடத்தில் 'எந்து', தெலுங்கில் 'அனி' இப்பணியைச் செய்கின்றன. "வருகிறேன்" என்று கூறினான் என்பதில் மேற்கோள்குறியை நீக்கினாலும் கூற்று முடியும் இடம் விளங்கும்.

தொடங்கும் இடமோ எப்போதும் விளங்குவதில்லை. 'குமரன் நான் வெல்வேன் என்று சொன்னான்' என்னும் தொடரில் வெல்பவர் குமரனா, எழுதியவரா? 'நான்' என்பதன் முன் மேற்கோள்குறி இட்டாலே ஐயம் நீங்கும். 'என்று' முடிவைக் காட்டும்; தொடக்கத்தைக் காட்டாது.

3. ஆங்கில அமைப்பு

ஆங்கில நேர்க்கூற்றில் 'என்று' போன்ற இணைப்புச்சொல் இல்லை. 'தட்' அயற்கூற்றுக்கே உரியது. எனவே "ஐ வில் கம்," ஹி செட் என்பதில் இணைக்கும் பணியைக் காற்புள்ளி ஏற்கிறது. அங்கு முற்றுப்புள்ளி இட்டால் 'ஹி செட்' துணையின்றித் தனித்து நிற்கும். கூற்று வினாவாயின் வினாக்குறி வரும், காற்புள்ளி வாராது. எனினும் தொடர் முடிவதில்லை. ஆகவே 'ஹி' சிற்றெழுத்திலேயே தொடங்கும். பேரெழுத்து இல்லாத தமிழில் இந்நுட்பத்திற்கு இடமில்லை. கூறியவரைச் சுட்டும் பகுதி முன்வரின், அதன் இறுதியில் காற்புள்ளி இட்டு மேற்கோளைத் தொடங்குதல் வேண்டும்.

4. கற்பித்தலும் மொழிபெயர்ப்பும்

மாணவர் முதலில் தமிழ்த்தொடரை எழுதி 'என்று' என்பதை வட்டமிடலாம். அச்சொல் தமிழில் செய்யும் பணியை ஆங்கிலத்தில் எக்குறி செய்கிறது என வினவினால், விதியை மனப்பாடம் செய்யாமலே காற்புள்ளியின் காரணம் புலப்படும். தமிழரும் கன்னடரும் ஒருங்கே பயிலும் மைசூர் போன்ற இடங்களில் ஒரே பயிற்சி இரு சாரார்க்கும் பயன்படும்.

மொழிபெயர்ப்பாளர் இதனைத் தலைகீழாகக் கொள்ளவேண்டும். "வருகிறேன்," என்று கூறினான் என எழுதுவதில் ஒரே பணிக்கு இரு கருவிகள் உள்ளன, காற்புள்ளி மிகை. இடையில் முறிக்கப்பட்ட ஆங்கிலக் கூற்றையும், அம்முறிவு பொருட்சிறப்பு உடையதாயின் அன்றி, ஒரே 'என்று' கொண்டு முடித்தலே தமிழ் மரபு.