கோப்பையில் மிஞ்சுவதைப் பாருங்கள்

போரினால் ஊர்விட்டு வந்து, பிள்ளைகளும் வெளிநாடு போய்விட, கொழும்பில் முதியோர் இல்லங்களில் தங்கியிருக்கும் தாய்மார் பலர். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருக்கும் உறவுப் பெண்கள்தான் அவர்களைப் போய்ப் பார்த்து வருகின்றனர். "அம்மா, நேரத்துக்குச் சாப்பாடு தாறாங்களோ?" என்று கேட்டால், "ஓம் பிள்ளை, தாறாங்கள்" என்றுதான் பதில் வரும். ஆனால் கொடுப்பது வேறு, உண்பது வேறு. கோப்பையில் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

பெரும்பாலும் மிஞ்சுவது மீனும் கடலையும்தான். முரசு சுருங்கக் கட்டுப்பல் ஆடும். மென்று தின்ன முடியாதவர் சோற்றைச் சொதியில் குழைத்து விழுங்கிவிட்டு எழுந்துவிடுவார். வயிறு நிறையும், தசை கரையும். கால் தள்ளாடி விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். முதியவருக்கு உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 கிராம் புரதமாவது தேவை. 50 கிலோ நிறையுள்ளவருக்கு அது 50 கிராம். ஒரு முட்டையில் கிடைப்பதோ ஏறக்குறைய 6 கிராம்தான். ஆகவே முள் நீக்கி மசித்த மீன், குழைய அவித்த பருப்பு, பயற்றங்கஞ்சி, தயிர் என்று மெல்லத் தேவையில்லாதவையாகக் கொடுக்கச் சொல்லுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மட்டும் வைத்தியரைக் கேட்டே அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

சுவையும் முக்கியம். உறைப்பில்லாத கறியை யாழ்ப்பாணத்து நாக்கு ஒதுக்கினால் அதைப் பிடிவாதம் என்று சொல்லிவிட முடியாது. உப்பைக் குறைக்க வேண்டியவருக்குத் தேசிக்காய்ப் புளி, மிளகு, கறிவேப்பிலை சேர்த்துக் கொடுக்கலாமே.

மாலை 6 மணிக்கு இரவுச் சாப்பாடு, காலை 8 மணிக்குப் பாண் என்றால் இடையில் 14 மணித்தியாலம் வெறும் வயிறு. படுக்குமுன் ஒரு கோப்பை பால் போதும், அந்த இடைவெளி குறையும். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

திவசத்துக்கும் பிறந்தநாளுக்கும் மதிய உணவு கொடுக்கப் பலர் முன்வருகின்றனர். நல்ல காரியம்தான். ஆனால் அன்று வடை, பாயாசம். மறுநாள் பழைய கதை. 2022 நெருக்கடியில் பால்மாவும் முட்டையும் எட்டாத விலைக்குப் போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அடுத்த முறை ஒருநாள் விருந்துக்குப் பதிலாக ஒரு மாதத்து முட்டைக்குப் பணம் கட்ட முடியுமா என்று நிர்வாகியிடம் கேட்டுப் பாருங்கள்.

மாதம் ஒருமுறை நிறை பார்த்துக் கொப்பியில் எழுதுகிறார்களா என்றும் கேளுங்கள். 50 கிலோ இருந்தவர் ஆறு மாதத்துக்குள் இரண்டரைக் கிலோவுக்கு மேல் குறைந்தால், "வயசு போனால் மெலிவுதானே" என்று விடாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி புரைக்கேறினாலும் அப்படித்தான்.