பக்கவாதம்: பக்கவழி தரும் அவகாசம்

அத்திப்பள்ளியில் நெரிசல் இறுகினால் ஓசூர் ஓட்டுநர்கள் பாகலூர், சர்ஜாபூர் வழியாக வண்டியைத் திருப்புவார்கள். மூளையின் பெரிய இரத்தக்குழாயை இரத்தக்கட்டி அடைக்கும்போதும் அப்படித்தான். மூளையின் மேற்பரப்பிலுள்ள மெல்லிய இணைப்புக் குழாய்கள் வழியாகப் பக்கத்துக் குழாயின் இரத்தம் சுற்றிவந்து, பட்டினி கிடக்கும் பகுதியைச் சற்று நேரம் தாங்கும். இதுவே பக்கவழி இரத்த ஓட்டம்.

இந்த வழி நன்றாக அமைந்தவருக்கு, அடைப்பை நீக்கியபின் கை கால் மீளும் வாய்ப்பும் அதிகம். ஆனால் சந்து, நெடுஞ்சாலைக்கு ஈடாகாது. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன.

உடனே செய்ய வேண்டியவை

வாய் கோணல், ஒரு கை தொய்வு, பேச்சுக் குழறல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். 'நைட் ஷிஃப்ட் அசதி, தூங்கினால் சரியாகிவிடும்' என்று விடாதீர்கள். வீட்டில் பிரஷர் மாத்திரையைக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். அழுத்தம் சரிந்தால் பக்கவழியும் வற்றிவிடும். ஸ்கேனுக்கு முன் ஆஸ்பிரின் வேண்டாம். மூளையில் இரத்தக் கசிவாக இருந்தால் ஆபத்து. தண்ணீரும் வேண்டாம், புரையேறும்.

கட்டியைக் கரைக்கும் ஊசிக்குக் கெடு நாலரை மணி நேரம். குழாய் செலுத்திக் கட்டியை எடுக்க 6 மணி நேரம். காப்பாற்றக்கூடிய பகுதி மிச்சமிருப்பதாக ஸ்கேன் காட்டினால் 24 மணி நேரம் வரை. அந்த மிச்சத்தைக் காத்து வைப்பது பக்கவழிதான். கெடு எண்ணப்படுவது நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து; எனவே அந்த நேரத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் ஓசூர் சாலையிலேயே இருந்தாலும், சி.டி. ஸ்கேனும் ஊசியும் அருகிலேயே கிடைத்தால் அங்கே போட்டுக்கொண்டு மாநில எல்லை தாண்டுவதே பெரும்பாலும் நல்லது.

உங்கள் உரிமை

அரசோ தனியாரோ, உயிர்காக்கும் அவசர சிகிச்சை தருவது மருத்துவரின் கடமை என்று 1989-இல் பர்மானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 'முதலில் பணம் கட்டுங்கள்' என்றால் இதைச் சொல்லுங்கள். மறுத்தால், அந்த மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

சிப்காட் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இருந்தால், நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஒருபக்க வாதம் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், 2 ஆண்டு காப்பீட்டுப் பணி முடித்து, சந்தா நிபந்தனையும் நிறைவேறியிருந்தால் ஊதியத்தில் 80 விழுக்காடு உதவியுடன் நீட்டிப்பு கேட்கலாம். ஒப்பந்தத் தொழிலாளிகளும் தங்கள் பெயரில் சந்தா கட்டப்படுகிறதா என்று இன்றே பாருங்கள்.

வீடு திரும்பிய பின்

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கியது ஓசூர் இருக்கும் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். இயன்முறை சிகிச்சையும், பிரஷர், சர்க்கரை மாத்திரைகளும் வீட்டுக்கே வரும். கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் கொடுங்கள். முதல் சில மாதப் பயிற்சியில்தான் கை கால் அதிகம் மீளும்.