6-ம் வகுப்பில் சேர `டெஸ்ட்' வைக்கலாமா? பெற்றோர் தெரிந்து கொள்ள வேண்டியது

ஏப்ரல், மே வந்தாலே 5-ம் வகுப்பு முடித்த பிள்ளையை கூட்டிக் கொண்டு பள்ளி பள்ளியாக ஏறி இறங்குகிறார்கள் பெற்றோர்கள். சில தனியார் பள்ளிகளில் விண்ணப்பம் வாங்கியதுமே "புதன்கிழமை 10 மணிக்கு பென்சில், பேடு எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்று ஒரு தேதி கொடுத்து விடுகிறார்கள். தமிழ், ஆங்கிலம், கணக்கில் ஒரு டெஸ்ட். மார்க் குறைந்தால் "சீட் இல்லை", அல்லது "மறுபடியும் 5-ம் வகுப்பில் போடுறோம்" என்று பதில் வரும். 10 வயசுப் பிள்ளை `நான் பெயில்' என்று அழுதபடி வெளியே வருகிறது.

இப்படி டெஸ்ட் வைக்கலாமா? கூடாது. 2010-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவு இதை தடை செய்கிறது. "அப்பா என்ன படிச்சிருக்கார்? அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியுமா?" என்று பெற்றோரை வடிகட்டும் இன்டர்வியூவும் இதில் அடங்கும். மீறினால் முதல் தடவை ரூ.25 ஆயிரம் வரையும், அடுத்து ஒவ்வொரு தடவையும் ரூ.50 ஆயிரம் வரையும் அபராதம். கூட்டம் அதிகம் என்றால் குலுக்கல் போடலாம்.

பள்ளிக்கே போகாத பிள்ளையைக் கூட வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து தனிப்பயிற்சி கொடுக்கச் சொல்கிறது 4-வது பிரிவு. அப்படி இருக்க, 5-ம் வகுப்பு தேறிய பிள்ளையை திரும்ப அங்கேயே உட்கார வைப்பதில் என்ன நியாயம்?

ஆனால் இந்த சட்டம் 8-ம் வகுப்பு வரைதான். 9-ம் வகுப்பு, பிளஸ்-1 சேர்க்கைக்கு செல்லாது. சிறுபான்மை பள்ளிகளுக்கும் பொருந்தாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2014-ல் தீர்ப்பு கூறியது.

`டி' செக்ஷன்

சீட் கிடைத்த பிறகும் பிரச்சினை தீர்வதில்லை. மார்க் பார்த்து `ஏ' செக்ஷன், `டி' செக்ஷன் என்று பிரிக்கிறார்கள். "நல்லா நடத்துற வாத்தியார் எல்லாம் `ஏ'வுக்குத்தான்" என்பது பெற்றோரின் புலம்பல். `டி' செக்ஷன் என்ற பட்டம் 10-ம் வகுப்பு வரை பிள்ளையை விடுவதில்லை. செக்ஷன் பிரிப்பது பற்றி சட்டத்தில் நேரடியாக எதுவும் இல்லை. ஆனால் மனரீதியாக துன்புறுத்துவதை 17-வது பிரிவு தடை செய்கிறது.

தமிழர்கள் நிறைய வாழும் சிங்கப்பூரில் சுமார் 40 ஆண்டுகளாக எக்ஸ்பிரஸ், நார்மல் என்று பிரித்து வைத்தார்கள். 2024-ல் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தவர்களில் இருந்து அதை கைவிட்டு விட்டார்கள். இப்போது எல்லோரும் கலந்து உட்காருகிறார்கள். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை கணக்கை மட்டும் மேல்நிலையில் படிக்கலாம்.

டெஸ்ட் என்றாலே தப்பு இல்லை. தமிழக அரசுப் பள்ளிகளில் 2025-ல் வந்த `திறன்' திட்டத்திலும் டெஸ்ட் உண்டு. அது சேர்ந்த பிறகு, எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளைக்கு தனியாகச் சொல்லித் தருவதற்கு.

யாரிடம் சொல்வது?

தனியார் பள்ளிகளுக்கு என்றே மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார். அவரிடம் மனு கொடுக்கலாம். பள்ளிக் கல்வித்துறையின் 14417 எண்ணிலும் சொல்லலாம். டெஸ்ட் தேதி எழுதித் தந்த துண்டுச்சீட்டு, செல்போனுக்கு வந்த மெசேஜ் ஆகியவற்றை தூக்கிப் போட்டு விடாமல் மனுவுடன் சேர்த்துக் கொடுங்கள்.